பன்னாட்டுச் சட்டத் தாள்: தீர்ப்போடு படிப்பை நிறுத்தாதீர்கள்

குடிமைப் பணி முதன்மைத் தேர்வுக்குச் சட்டத்தை விருப்பப் பாடமாக எடுத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். முதல் தாளின் இரண்டாம் பாதி பன்னாட்டுச் சட்டம். முதல் முறை அந்தத் தாளில் எனக்கு மூன்று இலக்க மதிப்பெண் வரவில்லை. வல்லரசுகளைப் பற்றி எது கேட்டாலும், பெரிய நாடுகள் சட்டத்தை மதிப்பதில்லை, சட்டமெல்லாம் சின்ன நாடுகளுக்குத்தான் என்று கோபமாக ஒன்றரைப் பக்கம் எழுதிவிட்டு வந்தேன். அந்தக் கோபம் இன்றும் எனக்கு இருக்கிறது, அதில் தப்பில்லை, ஆனால் விடைத்தாளைத் திருத்துபவர் அதில் சட்டத்தை எங்கே போய்த் தேடுவார்?

எங்கள் வீடு நீலகிரியில் பந்தலூர் பக்கம், டேன்டீ என்ற அரசுத் தேயிலைத் தோட்டக் கழகத்தின் குடியிருப்பில். ஆனி, ஆடியில் மழை பிடித்தால் கரண்ட் எப்போது வரும் என்று சொல்ல முடியாது, பொழுது சாய்ந்தபின் யானை நடமாட்டம், அதனால் கூடலூர் நூலகத்துக்குப் போனால்கூட நாலு மணி பஸ்ஸைப் பிடித்துத் திரும்பிவிட வேண்டும். சென்னையில் தங்கிப் படிக்க வசதி இல்லை. இரண்டாவது முறை படித்தபோது ஒரு முடிவு எடுத்தேன்: நூறு வழக்குகளின் பெயரை மனப்பாடம் செய்வதை விட்டுவிட்டு, பத்து வழக்குகளை அடிவரை படிப்பது. ஒரு நீளமான நோட்டில் இடப்பக்கம் நீதிமன்றம் என்ன சொன்னது, வலப்பக்கம் அதற்குப் பிறகு என்ன நடந்தது. அந்த வலப்பக்கம்தான் என்னைக் காப்பாற்றியது.

நிகரகுவா வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 1986 ஜூனில் தி ஹேக்கில் உள்ள பன்னாட்டு நீதிமன்றம் அமெரிக்காவுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது, நிகரகுவா அரசை எதிர்த்துப் போரிட்ட கான்ட்ரா படைகளுக்குப் பயிற்சியும் ஆயுதமும் கொடுத்ததும் துறைமுகங்களில் கண்ணிவெடி வைத்ததும் சட்ட மீறல் என்றது. பெரும்பாலானவர்கள் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். வலப்பக்கத்துக்கு வாருங்கள். தீர்ப்பு வருவதற்கு முன்பே, நீதிமன்றத்தின் கட்டாய அதிகார வரம்பை, அதாவது தன் மீதான வழக்கை விசாரிக்க நீதிமன்றத்துக்கு முன்கூட்டியே தரும் சம்மதத்தை, ஏற்றிருந்த தன் அறிவிப்பை அமெரிக்கா திரும்பப் பெறுவதாகச் சொல்லிவிட்டது. ஐ.நா. சாசனத்தின் 94வது உறுப்புப்படி, தீர்ப்பை நிறைவேற்றாத நாட்டைப் பற்றிப் பாதுகாப்பு அவையிடம் முறையிடலாம். நிகரகுவா முறையிட்டது, அங்கே அமெரிக்கா வீட்டோ போட்டது. 1990இல் நிகரகுவாவில் ஆட்சி மாறியது, 1991இல் புதிய அரசு வழக்கைத் திரும்பப் பெற்றுக்கொண்டது, இழப்பீடு எவ்வளவு என்று முடிவாகவே இல்லை. வல்லரசின் செல்வாக்கு எந்த எந்தக் கதவு வழியாக உள்ளே வருகிறது என்று இந்த ஒரு வழக்கு காட்டிவிடும். வீட்டோ உள்ள ஐந்து நாடுகளில் இன்று கட்டாய வரம்பை ஏற்றிருப்பது பிரிட்டன் மட்டும்தான் என்பதையும் சேர்த்தால் விடைக்குக் கனம் வந்துவிடும்.

ஆனால் இதே தீர்ப்பில் இன்னொன்றும் இருக்கிறது, அதை விட்டுவிடாதீர்கள். ஒரு நாடு விதியை மீறிவிட்டு, நான் செய்தது விதிவிலக்குக்குள் அடங்கும் என்று வாதாடினால், அந்த வாதமே விதியை உறுதிப்படுத்துகிறது என்றது நீதிமன்றம். அமெரிக்கா அப்போது கூட்டுத் தற்காப்பு என்றுதான் சொன்னது. 2022இல் உக்ரைனுக்குள் படையை அனுப்பிய ரஷ்யாவும் தற்காப்பு உரிமை தரும் சாசனத்தின் 51வது உறுப்பைத்தான் காட்டியது. எனக்கு விதி பொருந்தாது என்று யாரும் சொல்வதில்லை. முதல் முறை இதை நான் கவனிக்கவே இல்லை.

அடுத்து வழக்காற்றுச் சட்டம், அதாவது நாடுகளின் நடைமுறையே சட்டமாவது, இதில்தான் நான் அதிக நாள் உட்கார்ந்தேன். 1945இல் அமெரிக்க அதிபர் ட்ரூமன் கரையை ஒட்டிய கடலடி நிலமான கண்டத்திட்டின் வளம் எங்களுடையது என்று ஓர் அறிவிப்பு விட்டார். மற்ற நாடுகளும் வரிசையாக அதையே செய்தன, 1958க்குள் அது ஜெனீவா உடன்படிக்கை ஆகிவிட்டது. ஒரு பெரிய நாடு செய்தால் எவ்வளவு சீக்கிரம் சட்டமாகிறது பாருங்கள். சரி, இதன் மறுபக்கம்? 1947இல் சிலியும் பெருவும் 200 கடல் மைல் உரிமை கேட்டபோது கடற்படை பலமுள்ள நாடுகள் ஒத்துக்கொள்ளவில்லை. சிலியும் பெருவும் விடாமல் கேட்டன, புதிதாக விடுதலை பெற்ற நாடுகளும் சேர்ந்தன, 1982 கடல் சட்ட உடன்படிக்கையில் 200 மைல் பொருளாதார மண்டலம் இடம்பெற்றது. அந்த உடன்படிக்கையை இன்றுவரை ஏற்காத அமெரிக்காவும் 1983இல் தனக்கு 200 மைல் அறிவித்துக்கொண்டது. இந்த இரண்டையும் ஒரே விடையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் போதும்.

இந்தியப் பெருங்கடலில் பிரிட்டன் வசம் இருந்த சாகோஸ் தீவுகளின் வழக்கைப் படித்தபோது எனக்குப் பாட்டி ஞாபகம் வந்தது. அவற்றில் ஒன்றான டியகோ கார்சியாவில் அமெரிக்க ராணுவத் தளம் அமைப்பதற்காக 1968க்கும் 1973க்கும் இடையில் அந்தத் தீவு மக்களைப் பிரிட்டன் வெளியேற்றியது. ஏறக்குறைய அதே காலத்தில்தான் எங்கள் பாட்டி தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாம் வழியாக இந்த மலைக்கு வந்தார். இலங்கையில் இருந்த இந்திய வம்சாவளித் தமிழர்களைப் பங்கிட்ட 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். "எங்கள யாரும் ஒரு வார்த்தை கேக்கலயே சாமி" என்று பாட்டி சொல்வார். ஒப்பந்தச் சட்டத்தில் தனி மனிதருக்கு என்ன இடம் என்று ஒரு கேள்வி வந்தால், வீட்டில் கேட்ட இந்த ஒரு வரியிலிருந்து தொடங்கி யோசித்துப் பாருங்கள், எழுத வேண்டியது தானாக வரும். விடையில் பாட்டியை எழுத வேண்டாம், ஒப்பந்தத்தை எழுதுங்கள்.

சாகோஸின் வலப்பக்கமும் முக்கியம். 2019இல் நீதிமன்றம் 13க்கு 1 என்ற கணக்கில் பிரிட்டன் அங்கிருந்து விலக வேண்டும் என்று ஆலோசனைக் கருத்து சொன்னது, ஐ.நா. பொது அவையில் 116 நாடுகள் அதை ஆதரித்தன, எதிர்த்தவை 6. ஆலோசனைக் கருத்து யாரையும் கட்டுப்படுத்தாது என்று நாம் படித்திருக்கிறோம், ஆனாலும் 2025 மே மாதம் தீவுகளை மொரிஷியஸிடம் ஒப்படைக்கும் ஒப்பந்தத்தில் பிரிட்டன் கையெழுத்திட்டது. அதன்படி தளம் இருக்கும் டியகோ கார்சியா மட்டும் 99 ஆண்டுக் குத்தகையில் பிரிட்டனிடம்.

தேர்வறை பற்றிச் சுருக்கமாக. மூன்று மணி நேரம், ஐந்து கேள்விகள், அவற்றில் உட்பிரிவுகள். பத்து மதிப்பெண் கேள்வி என்றால் 150 சொல்தான், அதற்குள் ஓர் உறுப்பு எண், ஒரு வழக்கு, அதன் பின்கதை ஒரே வரியில். தமிழில் எழுதுபவர்கள் கலைச்சொல்லுக்குப் பக்கத்தில் ஆங்கிலச் சொல்லையும் எழுதிவிடுங்கள், ஒரே சொல்லுக்கு ஒவ்வொரு புத்தகத்தில் ஒவ்வொரு தமிழ் இருக்கிறது. சீனாவுக்கு எதிராகப் பிலிப்பைன்ஸ் தொடுத்த தென்சீனக் கடல் வழக்கின் 2016 தீர்ப்பையும் இதே இரண்டு பக்க முறையில் நீங்களே ஒருமுறை எழுதிப் பாருங்கள். என் நோட்டில் சாகோஸ் பக்கத்தின் கீழே பாதி இடம் காலியாக விட்டிருக்கிறேன், அந்தத் தீவு மக்கள் ஊர் திரும்பினால் எழுதுவதற்கு.