கழுத்து வலிக்கு எந்தப் பயிற்சி?

"கழுத்து புடிச்சிருச்சு" என்றால் எங்கள் ஹட்டன் பக்கம் ஒரே வைத்தியம்தான்: தைலம் தேய்த்துப் போர்த்திக்கொண்டு படு. இந்தக் குளிருக்கு இதமாகத்தான் இருக்கும், மறுக்கவில்லை.

ஆனால் நாள்பட்ட கழுத்து வலி பற்றி பின்லாந்தில் செய்த ஓர் ஆய்வு 2003இல் வந்தது. அலுவலக வேலை பார்க்கும் 180 பெண்கள், 12 மாதங்கள். ஒரு குழு ரப்பர் பட்டியைத் தலையில் மாட்டி, கழுத்தை அசைக்காமல் அதன் இழுப்புக்கு ஈடுகொடுத்தது. இன்னொரு குழு படுத்தபடி தலையைத் தூக்கித் தூக்கி இறக்கியது. இரண்டு குழுவும் டம்பெல்லும் தூக்கின. மூன்றாவது குழுவுக்கு ஏரோபிக், ஸ்ட்ரெச்சிங் மட்டும்.

கழுத்தை முன்னால் வளைக்கும் பலம் பட்டிக் குழுவுக்கு 110 சதவீதம் கூடியது, படுத்துச் செய்தவர்களுக்கு 28தான். வலி? இரண்டு குழுவுக்குமே நன்றாகக் குறைந்தது, மூன்றாவது குழுவை விடத் தெளிவாக. எனக்குப் பிடித்த இடம் இதுதான். ஒரு குழுவுக்குப் பலம் மற்றதைவிட நாலு மடங்கு அதிகமாகக் கூடினால் வலியும் நாலு மடங்கு அதிகமாகக் குறையும் என்ற கணக்கு இங்கே செல்லாது.

தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கும் அத்தை கேட்டார்: "நாள் பூரா தலையில கயித்த மாட்டி கூடை சுமக்கிறோமே, அதைவிடவா பயிற்சி?" நியாயம்தான். ஆனால் அது ஓய்வில்லாத சுமை அத்தை. பயிற்சி என்றால் கொஞ்சம் செய்து, விட்டு, மெல்லக் கூட்டுவது. அப்புறம், ஆய்வில் இருந்தவர்கள் மலையில் நிற்கிறவர்களும் இல்லை.

கை மரத்துப்போனாலோ, விழுந்து அடிபட்ட வலி என்றாலோ பட்டியைத் தொடவேண்டாம். முதலில் டொக்டர்.