டிபி திரும்பவில்லை, பழைய குழியில் பூஞ்சை

அப்பா பல வருடங்களுக்கு முன்பே டிபி வந்து, ஆறு மாத மருந்தை ஒருநாள் விடாமல் சாப்பிட்டு முடித்தவர். மறுபடி இருமல், எடைக் குறைவு, ஒருநாள் சளியில் ரத்தம் என்று வந்ததும் வீட்டில் எல்லோரும், “பழசு திரும்பிடுச்சு” என்றார்கள். எக்ஸ்ரே பார்த்த டாக்டரும் அதையேதான் சொன்னார். சளியில் கிருமி இல்லை, கிருமியின் மரபணுவைத் தேடும் ஜீன் எக்ஸ்பர்ட் சோதனையிலும் இல்லை. ஆனாலும் டிபி மருந்து தொடங்கியாயிற்று.

அவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. நுரையீரலின் மேல்பகுதியில் குழி தெரிந்தால் நம் ஊரில் முதலில் டிபியைத்தான் நினைப்பார்கள். சளியில் அகப்படாத டிபியும் உண்டு. ஆனால் இரண்டு மாதமாகியும் சிறுநீர் ஆரஞ்சு நிறமானதைத் தவிர எந்த மாற்றமும் இல்லை. கல்ச்சரிலும் டிபி கிருமி வளரவில்லை.

அப்புறம் பார்த்த நுரையீரல் மருத்துவர் முதலில் கேட்டது பழைய எக்ஸ்ரேயை. நல்லவேளை, அப்பா எந்தக் காகிதத்தையும் தூக்கிப் போடாதவர். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது குழி பழையது, அதற்குள் இருந்த உருண்டைதான் புதியது என்று தெரிந்தது. சி.டி. ஸ்கேனை மல்லாக்கப் படுக்க வைத்து ஒருமுறை, குப்புறப் படுக்க வைத்து ஒருமுறை எடுத்தார்கள். கிலுகிலுப்பைக்குள் இருக்கும் மணி மாதிரி உருண்டை இடம் மாறியிருந்தது.

அஸ்பெர்ஜில்லஸ் என்ற பூஞ்சை அது. வைக்கோல், மக்கிய இலை, ஈரச்சுவர் என்று எங்கும் இருக்கிறது. தினமும் எல்லோரும் சுவாசிக்கிறோம். டிபி விட்டுப்போன குழியில் சிலருக்கு அது தங்கி வளர்ந்துவிடுகிறது. அப்பாவின் சளியில் பூஞ்சை வளரவில்லை. உறுதி செய்தது அஸ்பெர்ஜில்லஸ் ஐஜிஜி என்ற ரத்தப் பரிசோதனைதான். பக்கத்து லேபில் கிடையாது, ரத்தத்தை வெளியூருக்கு அனுப்பினார்கள். டிபி முடித்தவருக்கு மீண்டும் இருமல் வந்து, சளியில் கிருமி இல்லை என்றால் இந்த டெஸ்டைப் பற்றிக் கேளுங்கள். கேட்காமல் யாரும் எழுதித் தருவதாகத் தெரியவில்லை.

பூஞ்சைக்கான மருந்து இட்ராகோனசோல் 200 மில்லிகிராம், காலையும் இரவும், குறைந்தது ஆறு மாதம். “ரெண்டு மருந்தையும் சேர்த்தே கொடுத்தால் என்ன?” என்று கேட்டேன். டிபி மருந்திலுள்ள ரிஃபாம்பிசின் இதை ரத்தத்தில் தங்கவே விடாதாம். அதனால் டிபி மருந்தை நிறுத்தி, கொஞ்சம் இடைவெளி விட்டுத்தான் தொடங்கினார்கள். கேப்சூலைச் சாப்பாட்டோடு போட வேண்டும். வயிற்றில் அமிலம் குறைந்தால் மருந்து சரியாக ஏறாது. காலையில் கேஸ் மாத்திரை போட்டே பழகிய அப்பாவை அதை விட வைத்ததுதான் எங்களுக்குப் பெரும்பாடு. மருந்து போதிய அளவில் ஏறியிருக்கிறதா என்று இரண்டு வாரம் கழித்து ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். கல்லீரல் பரிசோதனையும் அவ்வப்போது உண்டு.

இப்போது ரத்தம் வருவதில்லை, எடை ஏறுகிறது. உருண்டை இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. அறுவை சிகிச்சையை அப்பாவின் நுரையீரல் தாங்காது என்றுவிட்டார்கள். திடீரென்று நிறைய ரத்தம் வந்தால் ஓ.பி. வரிசையில் நிற்காமல் நேரே அவசரப் பிரிவுக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள்.