பொறுக்கலாம் அண்ணாச்சி

“இந்த வாரக் கப்பலில் ஏற்றிவிடலாமா தம்பி, இல்லை, பொறுக்கலாமா? உமக்கு என்ன தோன்றுகிறது?”

2023 டிசம்பர் 4, திங்கட்கிழமை, விளக்கு வைக்கிற நேரம். மிக்ஜாம் புயலில் சென்னை மூழ்கிக்கொண்டிருந்த அன்று, ஏரல் அண்ணாச்சி தொலைபேசியில் இப்படித்தான் கேட்டார். “பொறுக்கலாம் அண்ணாச்சி. கட்டணம் இன்னும் இறங்கும். ஜனவரியில் அனுப்புவோம்” என்றேன். “நீர் சொன்னால் சரி” என்று வைத்துவிட்டார். ஒரு நிமிடத்துக்குள் முடிந்த பேச்சு. ஏற்றுமதிச் சரக்குக்குச் சுங்கப் பத்திரம் போட்டுக் கொடுக்கும் கிளியரிங் ஏஜெண்ட் அலுவலகத்தில் எனக்கு வேலை. அதற்குப் பிறகு நூற்றுக்கணக்கான கன்டெய்னர் பெட்டிகளுக்குப் பத்திரம் போட்டு அனுப்பியிருக்கிறேன். அந்த ஒரு நிமிடம் மட்டும் இன்னும் கரையில் கிடக்கிறது.

நான் வாய்க்கு வந்ததைச் சொல்லவில்லை. இதை முதலில் சொல்லிவிட வேண்டும். மாதந்தோறும் கப்பல் கட்டணங்களை அட்டவணையாக எழுதி வைப்பது எங்கள் அலுவலகத்தில் என் பொறுப்பு. நாற்பது அடிப் பெட்டி ஒன்றுக்கு, ட்ரூரி என்ற கப்பல் ஆலோசனை நிறுவனத்தின் குறியீடு காட்டும் சராசரிக் கட்டணம் 2021 செப்டம்பரில் 10,000 டாலரைத் தாண்டி நின்றது. கொரோனா காலத்தில் காலிப் பெட்டி கிடைக்காமல் ஏற்றுமதியாளர்கள் எங்கள் வாசலில் காத்துக் கிடந்த நாட்கள் அவை. அங்கிருந்து இறங்கத் தொடங்கி, 2023 நவம்பர் கடைசியில் 1,400 டாலருக்கு அருகே வந்துவிட்டது. அது சீனத் துறைமுகங்களை முதன்மையாக வைத்துக் கணக்கிடும் குறியீடு. தூத்துக்குடியில் இருந்து ஹாம்பர்க் போகும் கட்டணம் வேறு. ஆனாலும் அது சாயும் பக்கமே இதுவும் சாயும் என்பதைப் பல ஆண்டுகளாகப் பார்த்திருக்கிறேன். இரண்டு ஆண்டுகளாக இறங்கிக்கொண்டிருக்கும் ஒன்று இன்னும் கொஞ்சம் இறங்கும் என்று சொன்னேன். அந்த அட்டவணையைக் கையில் வைத்திருக்கும் எவரும் அன்று அதையே சொல்லியிருப்பார்கள்.

அண்ணாச்சியின் சரக்கு அவுரி இலை. நிலாவாரை என்று மருத்துவ நூல்களில் எழுதுவார்கள். எங்கள் சீமையில் அவுரி என்றால்தான் தெரியும். வெளிநாட்டு வியாபாரிகளுக்கு அது இன்றும் ‘டின்னவேலி சென்னா’. மலச்சிக்கலுக்கான மருந்துகளில் சேரும் இலை. 19ஆம் நூற்றாண்டிலேயே இந்தப் பெயரில் லண்டன் சந்தைக்குப் போயிருக்கிறது. டின்னவேலி என்றால் திருநெல்வேலி. 1986இல் திருநெல்வேலி மாவட்டத்தை இரண்டாகப் பிரித்தார்கள், ஏரல் தூத்துக்குடிப் பக்கம் போனது. பொதிமேல் எழுதும் பெயர் மட்டும் திருநெல்வேலியாகவே நின்றுவிட்டது. ஷிப்பிங் பில் எனும் சுங்க ஏற்றுமதிப் பத்திரத்தில் அந்தப் பெயரைத் தட்டச்சு செய்யும்போது எனக்கு எப்போதும் ஒரு பெருமிதம் உண்டு.

இலைக்கு விலை அதன் பச்சை நிறத்துக்குத்தான். நிழலில் காயவைத்து, காம்பும் தூசியும் நீக்கி, அழுத்திப் பொதியாகக் கட்டுவார்கள். ஈரம் பட்டால் கறுத்துவிடும். கறுத்த இலையை ஐரோப்பாவில் எந்த மருந்துக் கம்பெனியும் ஏறெடுத்துப் பார்க்காது. அண்ணாச்சி சி.ஐ.எஃப் விலைக்கு ஒப்பந்தம் போட்டிருந்தார். அதாவது ஹாம்பர்க் வரைக்குமான கப்பல் கட்டணமும் காப்பீடும் அவர் தலையில். கட்டணம் இறங்க இறங்க மிச்சம் அவருக்கு. வாங்குபவரும் ஜனவரி இறுதிக்குள் ஏற்றினால் போதும் என்று எழுதியிருந்தார். பொறுக்கச் சொன்னதில் என்ன தவறு?

டிசம்பர் 15, 16 தேதிகளில் பெரிய கப்பல் நிறுவனங்கள் ஒன்றன்பின் ஒன்றாக, ஹூத்திகளின் தாக்குதலால், ஐரோப்பா போகும் செங்கடல் வழியை நிறுத்துவதாக அறிவித்தன. 17ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை எங்கள் பக்கம் மழை பிடித்தது. மறுநாள் காலை வரையான 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் மட்டும் 95 சென்டிமீட்டர். தாமிரபரணி கரை கொள்ளாமல் ஓடியது. ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் பயணிகளோடு நின்றுபோனதை நாடே பார்த்தது. ஏரல் கடைத்தெருவுக்குள் ஆறு வந்துவிட்டது. அண்ணாச்சியின் எண்ணுக்கு அழைத்து அழைத்துப் பார்த்தேன். மூன்று நாட்கள் தொடர்பே கிடைக்கவில்லை.

சாலை ஓரளவு சரியானதும் போனேன். குடோன் சுவரில் என் மார்பு உயரத்துக்குச் சேற்றுக்கோடு. பொதிகளைப் பிரித்து வெளியே கொட்டியிருந்தார்கள். ஊறி நொதித்த அவுரியின் நாற்றத்தை நான் அதற்கு முன்பு அறிந்ததில்லை. கறுப்புச் சகதியாகக் கிடந்த அதை இரண்டு பெண்கள் தட்டில் அள்ளிக்கொண்டிருந்தார்கள். குடோன் சரக்குக்குக் காப்பீடு கிடையாது. பெட்டிக்குள் ஏறியிருந்தால் கடல் காப்பீடு இருந்திருக்கும். அண்ணாச்சி ஒரு நாற்காலியைத் துடைத்து எனக்குப் போட்டார். “வீட்டில் எல்லாரும் சுகம்தானே? பாளையங்கோட்டையில் தண்ணீர் வந்ததா?” என்று விசாரித்தார். டிசம்பர் 4ஆம் தேதிப் பேச்சைப் பற்றி ஒரு சொல் இல்லை. அன்றும் இல்லை, இன்று வரையிலும் இல்லை.

திரும்பி வரும் வழியெல்லாம் எனக்கு நானே வாதாடிக்கொண்டேன். ஒரு வருடத்து மழை ஒரே நாளில் கொட்டும் என்று யாருக்குத் தெரியும்? 9ஆம் தேதி சனிக்கிழமை கட்ஆஃபுக்குள், அதாவது அந்தக் கப்பலுக்குப் பெட்டியை ஏற்கும் கடைசி நேரத்துக்குள், பெட்டியைத் துறைமுகத்துக்குள் சேர்த்திருந்தாலும், ஃபீடர் எனும் சிறு கப்பலில் கொழும்பு போய், அங்கே ஐரோப்பா போகும் பெரிய தாய்க்கப்பலுக்குக் காத்திருந்து, அது கிளம்பும் நேரத்தில் செங்கடல் அடைபட்டிருக்கும். ஆப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும்; பத்து நாளுக்கு மேல் தாமதம்; கூடுதல் கட்டணம் வேறு கேட்டிருப்பார்கள். எனவே ஏற்றச் சொல்லியிருந்தாலும் நஷ்டம்தான். இந்த வாதம் முறப்பநாடு தாண்டும்வரை நன்றாகத்தான் இருந்தது. பிறகு ஒன்று தோன்றியது: தாமதமாகப் போயிருந்தாலும் இலை நனையாமல் போயிருக்கும்.

மழையை நான் அறிந்திருக்க முடியாது. செங்கடலை அறிந்திருக்க முடியும். இந்த இடத்தில்தான் என்னால் என்னைத் தப்பவிட முடியவில்லை. கேலக்ஸி லீடர் கப்பலை ஏமனின் ஹூத்திப் படையினர் செங்கடலில் பிடித்துக்கொண்டு போனது நவம்பர் 19ஆம் தேதி. அண்ணாச்சி அழைப்பதற்குப் பதினைந்து நாள் முன்பு. டிசம்பர் 3ஆம் தேதிகூட அதே கடலில் கப்பல்கள் தாக்கப்பட்டன. இரண்டு செய்திகளையும் வாசித்தேன். தேநீர் குடிக்கும்போது நண்பர்களிடம் பேசவும் செய்தேன். அந்தச் செய்தியை என் அட்டவணைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. அது எங்கோ நடக்கும் சண்டை, இஸ்ரேலோடு தொடர்புள்ள கப்பல்களின் பிரச்சினை, ஏரல் அவுரிக்கும் அதற்கும் என்ன என்று இருந்துவிட்டேன். 2021 மார்ச்சில் சூயஸ் கால்வாயில் ஒரே ஒரு கப்பல் ஆறு நாட்கள் குறுக்கே நின்றதற்கு இங்கே பெட்டிகள் எத்தனை வாரம் தடுமாறின என்பதை அனுபவித்தவன் நான்.

இன்னொன்றும் இருக்கிறது. அதை அலுவலகத்தில் யாரிடமும் சொன்னதில்லை.

அந்தக் கார்த்திகையில் நான் மாலை போட்டிருந்தேன். 8ஆம் தேதி வெள்ளிக்கிழமை இருமுடி கட்டு. அண்ணாச்சியின் பெட்டியை 9ஆம் தேதிக் கட்ஆஃபுக்குள் சேர்ப்பதென்றால், காலிப் பெட்டி எடுத்து, பூச்சி மருந்துப் புகை போட்டு, தாவர நலச் சான்றிதழுக்கு ஆய்வுக்கு நிற்கவைத்து, எடைச் சான்று வாங்கி, சுங்கத்தில் ஷிப்பிங் பில்லை முடித்து, நான்கே நாட்களில் எல்லாவற்றையும் ஓட வேண்டும். ஓட வேண்டியவன் நான். “உமக்கு என்ன தோன்றுகிறது?” என்று அவர் கேட்ட நொடியில் என் மனம் முதலில் தொட்டது அட்டவணையையா, வெள்ளிக்கிழமையையா? எத்தனையோ முறை அந்த நொடிக்குத் திரும்பிப் போய்ப் பார்த்துவிட்டேன். சில நாட்கள், அட்டவணைதான் என்று உறுதியாக இருக்கிறது. சில நாட்கள், பதில் எனக்கு முன்பே தயாராக இருந்தது, எண்கள் பின்னால் வந்து சேர்ந்துகொண்டன என்று தோன்றுகிறது. அந்த ஆண்டு சபரிமலையில் தாங்க முடியாத கூட்டம். பல மணி நேரம் வரிசையில் நின்றபோது அண்ணாச்சியின் சரக்கு ஒருமுறைகூட என் நினைவுக்கு வரவில்லை என்பதும் இப்போது உறுத்துகிறது. அப்போது மழை வந்திருக்கவில்லை, நினைக்க ஒன்றும் இல்லை என்பது உண்மை. உறுத்துவதும் உண்மை.

எங்கள் முதலாளியிடம் அட்டவணையை மட்டும் வைத்துப் பேசினேன். “கிளியரிங் ஏஜெண்டின் வேலை பத்திரம் போடுவது. எப்போது ஏற்றுவது என்பது சரக்குக்காரரின் முடிவு. அதில் ஏன் வாய் கொடுத்தீர்?” என்றார். சரியான பேச்சுதான். அதையே விதியாக வைத்துக்கொண்டேன்.

ஜனவரி கடைசியில் அண்ணாச்சி அலுவலகத்துக்கே வந்தார். ஒப்பந்தத்தைக் கைவிடாமல், கடன் வாங்கி, சாத்தான்குளம் பக்கம் புது இலை சேர்த்திருந்தார். வெள்ளத்தை முன்னிட்டு வாங்குபவர் ஏப்ரல் முடிய தவணை கொடுத்திருந்தார். குறியீடு அப்போது 4,000 டாலரை நெருங்கிவிட்டது. எதிரே உட்கார்ந்து அதே கேள்வியை அதே குரலில் கேட்டார்: “இப்போது ஏற்றிவிடலாமா, பொறுக்கலாமா?”

நான் அட்டவணையை அச்செடுத்து அவர் முன் வைத்தேன். “கட்டண நிலவரம் எல்லாம் இதில் இருக்கிறது அண்ணாச்சி. முடிவு உங்களுடையது.”

தாளைக் கையில் எடுத்தார். கண்ணாடியைத் தேடவில்லை. நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். “எண்கள் என் பேரனும் போனில் காட்டுகிறான் தம்பி. நான் உம்மைக் கேட்டேன்” என்றார். அந்த வாரக் கப்பலிலேயே ஏற்றச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். குடோனில் சரக்கை வைத்திருக்க அவருக்கு இனி மனம் இல்லை என்பதை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒன்றும் சொல்லவில்லை.

ஏப்ரல் கடைசியில் குறியீடு 2,700 டாலருக்கு வந்தது. ஜனவரியில் ஒரு சொல், அதே ‘பொறுக்கலாம்’ என்ற சொல்லைச் சொல்லியிருந்தால் அவருக்குப் பெரும் தொகை மிஞ்சியிருக்கும். தொலைந்த இலையில் ஒரு பங்கையாவது அது ஈடுகட்டியிருக்கும். சொல்லியதால் ஒருமுறை கெடுத்தேன், சொல்லாததால் மறுமுறை கெடுத்தேன் என்றே அப்போது எழுதி வைத்தேன். ஆனால் ஜூலையில் அதே குறியீடு 5,900 டாலரை ஒட்டி ஏறியது. ஏப்ரல் இறக்கத்தைப் பார்த்துவிட்டு இன்னும் இறங்கும் என்று யாராவது சொல்லியிருந்தால் அவர் என்னைப் போலவே ஆகியிருப்பார். அப்படியானால் நான் சும்மா இருந்தது சரியா? சரி என்று சொல்ல வாய் வரவில்லை. அண்ணாச்சி பதினைந்து ஆண்டுகளாக எங்களிடம் பத்திரம் போடுகிறார். இலையின் பச்சையைத் தடவியே தரம் சொல்லுவார். கடல் பக்கம் என்ன நடக்கிறது என்பதற்கு என் கண்ணைத்தான் நம்பியிருந்தார். நம்பியவரிடம் தாளை நீட்டுவது கண்ணை மூடிக்கொள்வதுபோல் இல்லையா? கண் ஏற்கெனவே ஒருமுறை தவறாகப் பார்த்துவிட்டது என்றால் மூடிக்கொள்வதுதான் நேர்மையோ?

2023-24 நிதியாண்டில் தூத்துக்குடி வ.உ.சி. துறைமுகம் கையாண்ட சரக்கு 4 கோடி டன்னைத் தாண்டியது. முந்தைய ஆண்டு 3.8 கோடி டன். அந்தச் செய்தியை அலுவலகத்தில் நான்தான் உரக்க வாசித்தேன், எல்லாருக்கும் மகிழ்ச்சி. நிலக்கரியும் பெட்டிகளும் காற்றாலை இறகுகளுமாக வளர்கிற துறைமுகம் இது. எனக்கும் மகிழ்ச்சிதான், என் வீட்டு அடுப்பு எரிவது அதனால்தான். ஏரலில் தட்டில் அள்ளிக் கொட்டிய இலையும் அதே நிதியாண்டைச் சேர்ந்தது. ஏறாத சரக்குக்குக் கணக்கில் இடம் கிடையாது. இரண்டும் ஒரே ஆண்டு என்பதை அன்றைக்கு அங்கே சொல்ல வேண்டும்போல் இருந்தது, சொல்லவில்லை.

அண்ணாச்சி இப்போதும் எங்களிடம்தான் பத்திரம் போடுகிறார். வேறு ஏஜெண்டிடம் போயிருந்தால் எனக்குச் சற்று லேசாக இருந்திருக்குமோ என்னவோ. போன மாதமும் ஒரு பெட்டி அனுப்பினார். அழைப்பு வந்ததும் அந்தக் கேள்விக்காகக் காதைக் கொடுத்துக் காத்திருந்தேன். அட்டவணை எதிரே திறந்திருந்தது. இந்த முறை எனக்குத் தோன்றுவதைச் சொல்லிவிடுவது, தெரியாததையும் தெரியாது என்று சேர்த்தே சொல்லிவிடுவது என்று இருந்தேன்.

“கட்ஆஃப் எப்போது தம்பி?” என்று கேட்டார்.

“சனிக்கிழமை மாலை ஐந்து மணி, அண்ணாச்சி.”

“சரி” என்று வைத்துவிட்டார்.