எக்ஸ்ஓ-1: விரல் படும் இடத்தில் இருந்த குறை

வளரும் நாடுகளின் பள்ளிக் குழந்தைகளுக்காக ‘குழந்தைக்கொரு மடிக்கணினி’ (ஓஎல்பிசி) திட்டம் உருவாக்கி, 2007இல் உற்பத்திக்கு வந்த எக்ஸ்ஓ-1 மடிக்கணினி, வெயிலிலும் வாசிக்க முடிந்த திரைக்காகவும், கைப்பிடிக்குள்ளேயே உதிரித் திருகுகளை வைத்துத் தந்த அக்கறைக்காகவும் இன்றும் என் மதிப்பைப் பெற்றிருக்கிறது. ஆனால், குழந்தைகளின் விரல்கள் ஓயாமல் படும் இடங்களில்தான் அது தடுமாறியது. தூசியும் நீரும் புகாதிருக்க ஒரே ரப்பர் விரிப்பாக அமைக்கப்பட்ட விசைப்பலகை, விசைகளின் ஓரங்களில் கிழிந்தது. சில விசைகள் கையை எடுத்த பிறகும் அழுந்தியபடியே நின்றன.

தொடுபலகை இதைவிட மோசம். விரலில் வியர்வையோ ஈரமோ இருந்தால் சுட்டி தன்போக்கில் தாவியது. அதைச் சீராக்க, விசைப்பலகையின் நான்கு மூலை விசைகளையும் ஒருசேர அழுத்த வேண்டியிருந்தது. ஆறு வயதுப் பிள்ளையிடம் இதை எதிர்பார்ப்பது நியாயமே இல்லை.

1 ஜிபி சேமிப்பகம் மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருந்ததால், அது பழுதானால் மதர்போர்டையே மாற்ற வேண்டியிருந்தது. பின்வந்த எக்ஸ்ஓ-1.5இல் அதற்குப் பதிலாகக் கழற்றி மாற்றக்கூடிய மைக்ரோ எஸ்டி அட்டை இடம்பெற்றது சரியான திருத்தம். விசைப்பலகைக்கும் அத்தகைய எளிய தீர்வு இருந்தது என்றே நினைக்கிறேன். ஒவ்வொரு விசையின் விளிம்பையும் மேலிருந்து மூடிப் பிடிக்கும் மெல்லிய பிளாஸ்டிக் சட்டம் ஒன்றைப் பொருத்தியிருந்தால், பிள்ளைகள் நகத்தால் நெருடும் ரப்பர் ஓரமே வெளியில் தெரிந்திருக்காது.