இரண்டு பக்கமும் புள்ளி

ஆங்கில இசையமைப்பாளர் ஜான் டௌலண்டின் ‘லாக்ரிமே’ தொகுப்பில் உள்ள முதல் பவானை (நிதானமான நடன இசை), எங்கள் ரெக்கார்டர் (ஊதுகுழல்) குழுவுக்காக, மியூஸ்ஸ்கோர் என்ற இசை எழுதும் மென்பொருளில் ஏற்றிக்கொண்டிருக்கிறேன். 1604இல் லண்டனில் அச்சான புத்தகம் அது. வில்லால் வாசிக்கும் ‘வயல்’ (viol) என்ற தந்தி வாத்தியம் ஐந்தும், விரலால் மீட்டும் லூட் ஒன்றும் சேர்ந்து வாசிக்க எழுதியது. மேசை மேல் விரித்து வைத்தால் சுற்றி உட்கார்ந்திருக்கிற எல்லாரும் அவரவர் பாகத்தை நேராகப் பார்த்துப் படிக்கலாம். அதற்காகவே பாகங்களை வெவ்வேறு திசையில் திருப்பி அச்சடித்திருக்கிறார்கள். எவ்வளவு அழகான ஏற்பாடு!

சுரங்களை ஏற்றுவது பெரிய வேலை இல்லை. என் நேரத்தையெல்லாம் எடுத்துக்கொள்வது ரிபீட் குறிதான், அதாவது ஒரு பகுதியைத் திரும்ப வாசிக்கச் சொல்லும் குறி.

இன்றைய நோட்டேஷனில் அந்தக் குறிக்குச் சந்தேகமே கிடையாது. பார் என்ற தாளக் கட்டங்களைப் பிரிக்கும் செங்குத்துக் கோட்டுக்கு இடப்பக்கம் புள்ளி இருந்தால் திரும்பிப் போக வேண்டும், வலப்பக்கம் இருந்தால் திரும்பி வர வேண்டிய இடம் அது. மென்பொருளும் அப்படித்தான் எடுத்துக்கொள்கிறது. ஆனால் அந்தக் காலத்துப் பிரதிகள் பலவற்றில் டபுள் பாரின், அதாவது இரட்டைக் கோட்டின், இரண்டு பக்கமும் புள்ளி இருக்கும். அதற்குப் பின் ஒரு சுரம்கூட இல்லாத கடைசிக் கோட்டில்கூடப் பார்க்கலாம். ஒரு பகுதி இங்கே முடிகிறது என்பதை மட்டும் அந்தக் குறி உறுதியாகச் சொல்கிறது. எதை எத்தனை தடவை வாசிப்பது என்பது வாசிப்பவருக்குப் பழக்கத்தில் தெரிந்த விஷயம். நாம் அந்தப் பழக்கத்தில் வளரவில்லை, அதனால் சாட்சி தேட வேண்டியிருக்கிறது.

இந்தப் பவானுக்கு நல்ல சாட்சிகள் இருக்கின்றன. 1597இல் தாமஸ் மோர்லி எழுதிய இசைப் பாடநூலில் பவானின் இலக்கணத்தையே தருகிறார். பெரும்பாலும் மூன்று பகுதிகள், ஒவ்வொன்றையும் இரண்டு தடவை வாசிக்க வேண்டும், ஒரு பகுதி 8, 12 அல்லது 16 செமிபிரீவ் (இன்றைய முழு சுரம்) நீளம் என்கிறார். எட்டுக்குக் குறைந்து பார்த்ததில்லை என்றும் சேர்த்துக்கொள்கிறார். அடுத்த சாட்சி டௌலண்டே. இதே மெட்டை ‘ஃப்ளோ மை டியர்ஸ்’ என்ற பாட்டாக 1600இல் வெளியிட்டார். முதல் பகுதிக்கு இரண்டு தடவைக்கும் வேறு வேறு சொற்கள், இரண்டாவது பகுதிக்கும் அப்படியே. மூன்றாவது பகுதி மட்டும் அதே சொற்களோடு திரும்ப வருகிறது. இதற்கு மேல் என்ன வேண்டும்? மூன்று பகுதிகளையும் இரண்டிரண்டு தடவை வாசிப்பது என்று முடிவு செய்துவிட்டேன்.

மியூஸ்ஸ்கோரில் இதைப் போடுவது சுலபம். நடுவில் வரும் இரண்டு எல்லைகளிலும் இருபக்கப் புள்ளிக் கோடு, கடைசியில் இடப்பக்கம் மட்டும் புள்ளி. பழைய பிரதியில் பகுதி முடிவில் லோங்கா மாதிரி நீண்ட சுரம் இருந்தால், ‘இங்கே நின்று இழு’ என்றுதான் அதைப் படிக்க வேண்டும், கணக்குப் பார்த்து எண்ண வேண்டியதில்லை. மென்பொருளில் அந்த பார் கொள்ளும் அளவுக்குச் சுருக்கிவிடுவேன். முதல் முழு பாருக்கு முன்பே வரும் எடுப்பு சுரத்தோடு தொடங்கும் ஆல்மன் போன்ற நடனங்களில்தான் இன்னும் கவனம் தேவை. பகுதியின் கடைசி பாரில் எடுப்பின் அளவைக் கழிக்க வேண்டும், இல்லாவிட்டால் திரும்பும்போது தாளம் இடறும். பாரின் மீது வலது கிளிக் செய்து, பண்புகளில் உண்மையான நீளத்தை மாற்றினால் போதும். முதல் முடிவு, இரண்டாம் முடிவு என்று அடைப்புப் போடுவதைச் சுரங்கள் நிஜமாகவே வேறுபடும் இடத்தில் மட்டும்தான் செய்கிறேன்.

பிளேபேக் போட்டுக் கேட்டால் எல்லாம் சரியாகத் திரும்புகிறது. ஆனால் இரண்டாம் தடவையும் முதல் தடவையின் அச்சாகவே வருகிறது. அதுதான் எனக்கு ஒப்பவில்லை. ஃபிட்ஸ்வில்லியம் விர்ஜினல் புக் கையெழுத்துப் பிரதியில், டௌலண்ட் காலத்து இசையமைப்பாளர் வில்லியம் பர்ட் இதே லாக்ரிமேயை விர்ஜினல் என்ற சிறிய விசைப்பலகை வாத்தியத்துக்காக அமைத்தது இருக்கிறது. அதில் ஒவ்வொரு பகுதிக்குப் பிறகும் அதன் ரிபீட்டை முழுதாக எழுதியிருக்கிறார். நீண்ட சுரங்களை ஓடும் சின்னச் சின்னச் சுரங்களாக உடைத்து, நம் சங்கதி போலத் திரும்ப வரும்போது மெருகேற்றுகிறார். அந்த இரண்டு புள்ளிகளுக்கு அன்றைய கலைஞர் கொடுத்த பொருளை நான் இதில்தான் பார்க்கிறேன்.

அதனால் மேல் குரலுக்கு இரண்டாம் தடவையைத் தனியாக எழுதிவிடுவது என்று தீர்மானித்தேன். கீழே உள்ள நான்கு பாகங்களுக்கு ரிபீட் குறியே போதும், அவர்களுக்கு ஒரே பக்கத்தில் அடங்கிவிடும். மியூஸ்ஸ்கோரில் ரிபீட் கோடு எல்லாப் பாகங்களுக்கும் பொதுவானது, ஒன்றுக்கு மட்டும் விரித்து எழுத முடியாது. இரண்டு கோப்பு வைத்துக்கொண்டால் ஒன்றைத் திருத்தும்போது மற்றதையும் திருத்த வேண்டும். எனவே இந்தத் தொகுப்பை லிலிபாண்ட் என்ற இன்னொரு இசை எழுதும் மென்பொருளுக்கு மாற்றப் போகிறேன். அதில் கீழ்ப் பாகங்களை ரிபீட்டோடு ஒரே தடவை எழுதிவிட்டு, எல்லாப் பாகங்களும் சேர்ந்த முழு ஸ்கோருக்கும் கேட்டுப் பார்க்கும் மிடி கோப்புக்கும் மட்டும் ‘அன்ஃபோல்ட் ரிபீட்ஸ்’ கட்டளையால் விரித்துக்கொள்ளலாம். பார் எண்கள் பாகத்துக்குப் பாகம் ஒத்துவராது. ஒத்திகையில் ‘பதினேழிலிருந்து’ என்று சொல்ல முடியாது அல்லவா, அதனால் பகுதிகளுக்கு அ, ஆ, இ என்று பெரிய எழுத்தில் அடையாளம் போட்டுத் தருகிறேன்.