தாமதத்தைச் சேர்த்த பிறகு

எலும்பு மஜ்ஜையில் வெள்ளை அணுக்கள் உருவாகும் விதத்தைச் சமன்பாடுகளாக எழுதுவது என் வேலை. தங்கச்சிமடத்து வீட்டில் இருந்தபடியே முதன்முதலாக நான் அமைத்த மாதிரி மிக எளியது: இரத்தத்தில் நியூட்ரோஃபில்கள் (கிருமிகளை எதிர்க்கும் ஒருவகை வெள்ளை அணுக்கள்) குறைந்தால் மஜ்ஜை உற்பத்தியைக் கூட்டும், மிகுந்தால் குறைக்கும். திரையில் வளைகோடு உடனே சரிந்து, அலுங்காமல் பழைய நிலைக்கு ஏறியது. எனக்கு நிறைவாகவே இருந்தது.

அப்போது என் சித்திக்கு மதுரையில் கீமோ சிகிச்சை நடந்துகொண்டிருந்தது. மருந்து ஏற்றிய நான்காம் நாள் நியூட்ரோஃபில் எண்ணிக்கை நன்றாக இருந்தது. பத்தாம் நாள் அடியோடு விழுந்தது. மூன்றாம் வாரத்தில் மீண்டது. ராமநாதபுரத்தில் எடுத்த பரிசோதனைத் தாள்களை வரிசையாக வைத்துப் பார்த்த இரவில் என் மாதிரி தவறு என்று புரிந்தது. மருந்து தாக்குவது பிரிந்து பெருகும் இளம் அணுக்களை; பிரிதலை முடித்து மஜ்ஜையில் முதிர்ந்துகொண்டிருப்பவை இன்னும் சில நாட்கள் இரத்தத்துக்கு வந்துகொண்டே இருப்பதால், பற்றாக்குறை பிறகுதான் வெளியே தெரிகிறது. அந்த இடைவெளிக்கு என் சமன்பாட்டில் இடமே இல்லை.

மண்டபத்தில் ஐஸ் கம்பெனி வைத்திருக்கும் மாமாவிடம் இதைச் சொன்னேன். "இன்னைக்குப் பத்தலைன்னு இன்னைக்குத் தண்ணி ஊத்துனா, ஐஸ் பார் உறைஞ்சு வர்றதுக்குள்ள போட்டெல்லாம் கடலுக்குப் போயிரும் மாப்ள," என்றார். தேங்கிய ஐஸைப் பார்த்து உற்பத்தியை நிறுத்தினால், அடுத்த மீன்வரவுக்கு மறுபடியும் தட்டுப்பாடு.

மேக்கி, கிளாஸ் என்னும் ஆய்வாளர்கள் 1977இல் வெளியிட்ட சமன்பாடு இதைத்தான் காட்டியது. தாமதம் நீளும்போது நிலையான எண்ணிக்கை ஊசலாடத் தொடங்குகிறது. இன்னும் நீண்டால் ஒழுங்கற்றே போகிறது. சுமார் 21 நாட்களுக்கு ஒருமுறை நியூட்ரோஃபில்கள் சரியும் அரிய நோயும் உண்டு. இரத்தத்தில் சில மணி நேரமே தங்கும் இவ்வணுக்களை மஜ்ஜை நாளொன்றுக்குச் சுமார் பத்தாயிரம் கோடி உருவாக்குவதால், சிறிய பிசகும் விரைவில் பெரிதாகிறது. என்னை இன்றும் திணறவைப்பது வேறொன்று: பற்றாக்குறை கடுமையானால் ஜி-சிஎஸ்எஃப் என்னும் புரதம் மிகுந்து முதிர்ச்சிக் காலத்தையே சுருக்கிவிடுகிறது. ஆகவே தாமதத்தை ஒரே எண்ணாக எழுதிவிட முடியாது.

சித்தியின் அடுத்த சுற்றில், திருத்திய மாதிரி காட்டிய தாழ்ந்த நாட்களை நாட்காட்டியில் பென்சிலால் கோடிட்டேன். மருத்துவர் முன்பே எச்சரித்திருந்த நாட்கள்தான் அவை. அந்த வாரம் முழுவதும் சித்தி மீன் மார்க்கெட்டுக்குப் போகவில்லை; நான் போய் வாங்கி வந்தேன்.