டிக் போடறதுக்கு முன்னாடி அந்தக் கையப் பாருங்க

பராமரிப்பு வேலை பாக்கறவங்களோட திறமைய மதிப்பிடறதுதான் என் வேலை. இதுக்குப் புதுசா வர்றவங்க எங்கிட்ட முதல்ல கேக்கறது ஃபார்ம எப்படி நிரப்பணும்னுதான், அத ஒரே நாள்ல கத்துக்கலாம், பொறுமையா பாக்கறதுக்குத்தான் வருஷக்கணக்கா ஆகுது.

கொஞ்ச நாள் முன்னாடி ஒரு பொண்ணு, ஒரு பாட்டிய பெட்லேருந்து வீல்சேருக்கு மாத்தணும், பாட்டிக்கு பக்கவாதம் வந்து இடது பக்கம் பலமில்ல. ரெண்டு பிரேக்கும் போட்டுட்டா, ஃபுட்ரெஸ்ட்ட ஒதுக்கிட்டா, நல்லா இருக்கற வலது பக்கமா சேரப் போட்டா, எல்லாம் சரி. ஆனா பாட்டிகிட்ட ஒரு வார்த்தை சொல்லாம அக்குளுக்கு அடியில கையக் குடுத்து தூக்கப் போனா. பாட்டியோட வலது கை பெட்ஷீட்ட இறுக்கிப் பிடிச்சுக்கிச்சு. உடனே நிறுத்தச் சொல்லிட்டேன், ஏன்னா பலமில்லாத தோள அப்படித் தூக்கினா மூட்டு நழுவக்கூடும். பெட்ஷீட்ட பிடிச்ச அந்தக் கைக்கு செக்லிஸ்ட்ல கட்டமே கிடையாது.

இன்னொன்னு, நாம நிக்கறப்போ எல்லாரும் ஒழுங்காத்தான் செய்வாங்க. மருத்துவக் கல்வில ஜார்ஜ் மில்லர் 1990ல இத ஒரு பிரமிடா சொன்னார், தெரியும், எப்படின்னு தெரியும், செஞ்சு காட்டுவாங்க, கடைசியா உச்சில நிஜமாவே தினமும் செய்றாங்க. நாம பக்கத்துல நின்னு பாக்கறது பெரும்பாலும் மூணாவது படிதான். அதனால நான் நோட்டப் பாப்பேன், குடும்பத்துக்கிட்ட பேசுவேன், முக்கியமா அந்தப் பெரியவங்ககிட்டயே கேப்பேன். ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவ திருப்பிப் படுக்க வச்சதா சார்ட்ல வரிசையா எழுதியிருக்கும், ஆனா இடுப்புக்குக் கீழ விரலால அமுக்கினா வெளுக்காத ஒரு சிவப்பு இருக்கும், அது படுக்கைப்புண்ணோட ஆரம்பம், அப்போ அந்த சார்ட்ட அப்படியே நம்பிட முடியாது. குளிப்பாட்டறப்போ மட்டும் அவங்க சம்மதம் இல்லாம உள்ள போகமாட்டேன், திரைக்கு வெளிய நின்னு குரலக் கேட்டாலே பாதி தெரிஞ்சிடும்.

சிரிச்சுப் பேசற ஆளுக்கு கை தானா மார்க் போடும், அது எனக்கும் நடந்திருக்கு, அதனால பார்த்தத அப்பவே எழுதிட்டு அப்புறமாத்தான் முடிவு பண்றேன்.

அந்தப் பொண்ணுகிட்ட தப்புன்னு ஆரம்பிக்கல, பாட்டியோட வலது கை எங்க இருந்துச்சுன்னு கேட்டேன். தெரியலன்னா. இன்னும் தயாராகலன்னு எழுதினேன், அழுதா, எனக்கும் கஷ்டமாத்தான் இருந்துச்சு, ஆனா பாட்டி விழுந்தா இடுப்பெலும்பு போயிடும்ல. அப்புறம் நானே கூட நின்னு அவளுக்கு நாலு நாள் பழக்கினேன்.

மறுபடி பாக்கறப்போ முதல்ல பாட்டி முகத்துக்கு நேரா குனிஞ்சு, "மூணு எண்ணுவேன், முன்னாடி சாய்ஞ்சு எந்திரிங்க பாட்டி"ன்னா. ரெண்டு எண்ணறப்பவே பாட்டியோட வலது கை பெட்ஷீட்ட விட்டுட்டு சேரோட கைப்பிடியத் தேடிப் போயிடுச்சு.